பாபின் லேஸ் ஆர்வலர்களின் இணையத் தொடர்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கையால் லேஸ் பின்னுவது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று பெரும்பாலும் பிழைப்புக்கான தொழிலாக இல்லை. வேலையும் வீட்டுப் பொறுப்பும் போக மிஞ்சும் நேரத்தில் விரும்பிச் செய்யும் கைவேலையாகவே அது எஞ்சியிருக்கிறது. இதில் ஈடுபடுவோர் பல ஊர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஆசிரியரோ கடைத்தெருவில் கருவிகளோ கிடைக்காத நிலையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இவர்கள் இணையத்தின் வழியாக ஒருவரையொருவர் கண்டடைந்து, மாதிரிகளையும் ஐயங்களையும் திருத்தங்களையும் பரிமாறிக்கொண்டு வருகிறார்கள். ஊசி லேஸ், டாட்டிங், குரோஷே என்று லேஸில் பல பிரிவுகள் இருந்தாலும், இந்த ஆய்வு பாபின்களை, அதாவது நூல் சுற்றிய சிறு குச்சிகளை, கொண்டு திண்டின்மேல் பின்னப்படும் லேஸை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் செய்முறைக்கும் இணையத்துக்கும் இடையே உள்ள பொருத்தம் மற்றவற்றில் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதே காரணம்.

இங்கே முன்வைக்கப்படும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பாபின் லேஸ் இணையத்தில் எளிதாகப் பரவியதற்கு இணையத்தின் திறமை பாதிக் காரணம்தான். இணையம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கைவேலை, தாளில் வரைந்து தொலைவுக்கு அனுப்பக்கூடிய வடிவத்துக்கு வந்துவிட்டிருந்தது என்பது மீதிக் காரணம். ஆகவே தாளில் ஏறக்கூடியதை எல்லாம் இணையம் நன்றாகக் கொண்டுசேர்த்தது. தாளில் ஏறாததைக் கொண்டுசேர்ப்பதில் இன்னமும் திணறுகிறது. சேர்த்து வைத்ததைக் காப்பாற்றும் பொறுப்பு மிகச் சிலரின் தோளில் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம்.

தொழில் பொழுதுபோக்கான வழி

16ஆம் நூற்றாண்டில் வெனிஸிலும் ஃபிளாண்டர்ஸிலும் செழித்த பாபின் லேஸ், அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் ஏழைப் பெண்களுக்குக் கூலி தரும் வேலையாக இருந்தது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயர், பக்கிங்ஹாம்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் ஆகிய பகுதிகளில் சிறு குழந்தைகள்கூட லேஸ் பள்ளிகளில் உட்கார்த்தப்பட்டார்கள். ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற வலை பின்னும் எந்திரமும், அதை அடுத்து 1813இல் ஜான் லீவர்ஸ் உருவாக்கிய எந்திரமும் இந்தக் கூலியின் அடித்தளத்தைச் சிறிது சிறிதாக அரித்தன. கையால் பல நாள் எடுக்கும் வலையை எந்திரம் மிக விரைவில் தந்தபோது கைலேஸால் விலையில் போட்டியிட முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் கைலேஸ் பெரும்பாலான ஊர்களில் சில முதியவர்களின் நினைவாகச் சுருங்கிவிட்டது.

மீட்சி பல இடங்களில் தனித்தனியாக நிகழ்ந்தது. ஸ்லொவேனியாவின் இத்ரியாவில் 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இடையறாமல் நடந்துவருகிறது. பின்லாந்தின் ரவுமா நகரம் 1971 முதல் கோடைதோறும் லேஸ் வாரம் கொண்டாடுகிறது. இங்கிலாந்தில் 1976இல் லேஸ் கில்டு என்ற சங்கம் தோன்றியது. பிரான்ஸை மையமாகக் கொண்டு 1980களில் உருவான பன்னாட்டு பாபின், ஊசி லேஸ் அமைப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெவ்வேறு நாட்டில் மாநாடு நடத்துகிறது. 2016இல் லுபியானாவிலும் 2018இல் புரூகஸிலும் அது கூடியது. குரோஷியாவின் லேஸ் மரபுகள் 2009இலும், பிரான்ஸின் அலான்சோன் ஊசி லேஸ் 2010இலும், ஸ்லொவேனியாவின் பாபின் லேஸ் 2018இலும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் பட்டியலும் மாநாடும் ஆண்டு முழுவதும் துணைக்கு வருவதில்லை. மாநாடு முடிந்து ஊர் திரும்பியவர் அடுத்த இரண்டாண்டுக்கும் தம் திண்டோடு தனியாகத்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் இணையம் நுழைந்தது.

இரண்டே அசைவுகள்

ஏன் இந்தக் கைவேலை தொலைவைத் தாங்கியது என்பதை அறிய அதன் செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உமி, வைக்கோல் அல்லது இறுக்கமான நுரைப்பொருள் அடைத்த திண்டின்மேல், துளையிட்ட மாதிரித் தாள் ஒன்று பொருத்தப்படுகிறது. நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளான பாபின்கள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு பின்னலுக்கும் இரண்டு ஜோடிகள், அதாவது நான்கு பாபின்கள் கைக்கு வருகின்றன. இவற்றை இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டால், இரண்டாவதை மூன்றாவதன்மேல் வைப்பது குறுக்கு. இரண்டாவதை முதலாவதன்மேலும் நான்காவதை மூன்றாவதன்மேலும் ஒரே நேரத்தில் வைப்பது முறுக்கு. இவ்வளவுதான் அசைவுகள். குறுக்கு, முறுக்கு என்றால் அரைப் பின்னல்; குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணிப் பின்னல்; அரைப் பின்னலை இருமுறை செய்தால் முழுப் பின்னல். பின்னல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தாளிலுள்ள துளையும் அதில் குத்தும் குண்டூசியும் முடிவு செய்கின்றன. புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் கோட்டுக்கு வழி காட்டுவதுபோல் இங்கே ஊசிகள் நூலுக்கு வழி காட்டுகின்றன.

இதன் விளைவு ஆழமானது. ஒரு லேஸை முழுமையாக விவரிக்க, ஜோடிகள் செல்லும் பாதையை வரைந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தப் பின்னல் என்று குறித்தாலே போதும். பெல்ஜியத்தில் பயன்பட்டு மற்ற நாடுகளுக்கும் பரவிய நிறக் குறியீட்டில் ஊதாக் கோடு துணிப் பின்னலையும், பச்சைக் கோடு அரைப் பின்னலையும், சிவப்புக் கோடு முழுப் பின்னலையும் குறிக்கின்றன. கூடுதல் முறுக்குகள் கோட்டின் குறுக்கே இடப்படும் சிறு கீற்றுகளாகக் காட்டப்படுகின்றன. செக் மொழி மட்டும் அறிந்தவர் வரைந்த படத்தை ஸ்பானிய மொழி மட்டும் அறிந்தவர் ஒரு சொல்லும் புரியாமலே பின்னிவிட முடியும். சமையல் குறிப்பையோ தச்சு வேலையையோ இப்படி எழுத்தில்லாமல் அனுப்ப முடியுமா என்பது ஐயமே.

குழப்பம் இல்லாமலும் இல்லை. சில நாடுகளில் ஒவ்வொரு பின்னலையும் குறுக்கில் தொடங்குகிறார்கள். வேறு சில நாடுகளில் முறுக்கில் தொடங்குகிறார்கள். முதல் வழியில் பின்னல் முடிந்து காத்திருக்கும் ஜோடி முறுக்கியபடி நிற்கும். இரண்டாம் வழியில் முறுக்கு இன்னும் விழாத நிலையில் நிற்கும். முடிவில் வரும் லேஸ் ஒன்றேயானாலும், பாதியில் நிற்கும் வேலையின் படத்தைப் பார்த்து உதவ வருபவர், படம் அனுப்பியவர் எந்த வழியைச் சேர்ந்தவர் என்று அறியாவிட்டால் இல்லாத பிழையைக் கண்டுபிடித்துத் தந்துவிடுவார். தொலைவிலிருந்து உதவும் அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவே.

ஒரு பிழை திருத்தப்படும் விதம்

தொலைதூர உதவி எப்படி நடக்கிறது என்பதற்கு அடிக்கடி நேரும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலையில் பலரும் பழகும் டார்ஷான் லேஸின் பின்னணி வலையில் ஒவ்வொரு ஊசிக்கும் முன் ஓர் அரைப் பின்னலும் பின் ஓர் அரைப் பின்னலும் வருகின்றன. ஜோடிகள் மூலைவிட்டமாக இருபுறமும் பிரிந்து செல்கின்றன. எங்கோ ஒரு முறுக்கு விடுபட்டால், அந்த ஜோடியின் இரு நூல்களும் ஒன்றையொன்று தழுவாமல் அடுத்தடுத்து இணையாக ஓடும். அதன் பக்கத்து வலைக்கண் மற்றவற்றைவிட அகன்று தொய்ந்து தெரியும். பின்னுபவரின் கண்ணுக்கு இது உடனே படுவதில்லை. நான்கைந்து வரிசை தாண்டிய பிறகு, ஏதோ சரியில்லை என்ற உணர்வு மட்டும் வருகிறது.

அந்த நிலையில் அவர் ஊசிகளை எடுக்காமல், திண்டின்மேல் நேர் மேலிருந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பகிர்கிறார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் எந்த நூல் மேலே, எந்த நூல் கீழே என்று நிழல் காட்டிக்கொடுக்கும். வேறு கண்டத்தில் இருக்கும் ஒருவர் படத்தைப் பெரிதாக்கி, வலைக்கண்களின் வரிசையைப் பார்த்து, மேலிருந்து மூன்றாம் வரிசையில் இடப்பக்கம் ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஒரு முறுக்கு இல்லை என்று எழுதுகிறார். பிறகு இருவருக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: அந்த ஊசிவரை திரும்பிப் பிரிப்பதா, விட்டுவிடுவதா? பிரிப்பதென்றால் ஒவ்வொரு அசைவையும் எதிர்த்திசையில் செய்துகொண்டே ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூலைவிட்ட வலை என்பதால் பிழையைத் தொட்ட ஜோடிகளை மட்டும் ஒரு முக்கோணமாகப் பிரித்தால் போதும், முழு அகலத்தையும் பிரிக்கத் தேவையில்லை என்ற ஆலோசனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. புத்தகத்தில் அரிதாகவும் அனுபவசாலியின் வாயில் தவறாமலும் கிடைக்கும் அறிவு இது. தனியாகப் பழகுபவர் தம் வேலையைத் தூக்கி எறியாமல் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இதுதான்.

நூலின் எண்

மாதிரித் தாள் எளிதாகக் கடல் கடந்தது, நூல் கடக்கவில்லை. ஒரு மாதிரி எந்த நூலுக்காக வரையப்பட்டதோ அந்தத் தடிமனில் நூல் கிடைக்காவிட்டால், லேஸ் ஒன்று சல்லடைபோல் தளர்ந்துவிடும், அல்லது ஊசிகளுக்கிடையே நெரிந்துவிடும். சுவீடனின் லினன் நூலுக்காக வரைந்த மாதிரியை நியூசிலாந்தில் இருப்பவர் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பருத்தி நூலில் பின்ன நினைத்தால் எண் அவருக்கு உதவாது. பருத்தியில் ஒரு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பது நூலின் எண். லினனில் 300 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பது எண். ஆகவே 60 எண் பருத்தி இழை ஒரு ராத்தலுக்கு 50,400 கெஜமும், 60 எண் லினன் இழை 18,000 கெஜமும் நீளும். எண் ஒன்றாக இருந்தும் லினன் இழை ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நூல் கவுண்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை; ஆனால் கைவேலைக்கு நூல் வாங்கும் ஒருவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல உள்ளூரில் ஆள் இல்லை. பட்டு நூல்களும் முறுக்கின் எண்ணிக்கை வேறுபடும் நூல்களும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

லேஸ் ஆர்வலர்கள் இதற்குக் கண்ட தீர்வு எண்ணையே ஒதுக்கிவைத்தது. ஓர் அளவுகோலின்மேலோ பேனாவின்மேலோ நூலை இடைவெளியின்றி, நசுக்காமல் சுற்றி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சுற்று விழுகிறது என்று எண்ணுகிறார்கள். ஒரே எண்ணிக்கை தரும் இரு நூல்கள், அவை எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும், ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பயன்படும். இங்கிலாந்தின் ஆர்வலர் ஒருவர் இம்முறையில் நூற்றுக்கணக்கான நூல்களை அளந்து பட்டியலாக வெளியிட்டார். பல நாட்டு ஆர்வலர்கள் தங்கள் ஊரில் கிடைக்கும் நூல்களைப் பற்றிய செய்திகளைப் பகிர்ந்துகொள்ள அது பொது அளவையாக அமைந்தது. ஆய்வுக்கூடமும் கருவியும் இல்லாமல் உருவான இந்த அளவை, நூல் ஆலைகளின் எண்முறையைவிட இவர்களின் தேவைக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

பழைய புத்தகங்கள் திரும்பி வந்த கதை

1557இல் வெனிஸில் ‘லெ பொம்பே’ என்ற மாதிரி நூலும், 1561இல் சூரிக்கில் ஆர். எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண் ஒருவரின் மாதிரி நூலும் அச்சாயின. வெனிஸ் வணிகர்கள் 1536இல் இந்தக் கைவேலையைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அந்தச் சூரிக் ஆசிரியை தம் முன்னுரையில் பதிவு செய்கிறார். லேஸ் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பயணம் செய்ததற்கான மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. ஆனால் இந்நூல்களில் மரக்கட்டையால் அச்சிட்ட படங்கள் இருக்கின்றனவே தவிர, பின்னும் வரிசை இல்லை. படத்தைப் பார்த்து, எந்தப் பின்னலில் எந்த ஜோடி எங்கே செல்கிறது என்பதை இன்றைய ஆர்வலர்கள் ஊகித்தே மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. நூலக அலமாரியில் பூட்டிக் கிடந்தவரை இதற்கு வழியே இல்லை. பக்கங்கள் படிமங்களாக இணையத்துக்கு வந்த பிறகு, ஒரே படத்தைப் பல நாட்டினர் தனித்தனியே பின்னிப் பார்த்து, முடிவுகளை அருகருகே வைத்து, எது அந்தக் கால வழிக்கு நெருக்கம் என்று வாதிட முடிகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012 முதலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும் தம் சேகரிப்பின் தெளிவான படங்களை இலவசமாகத் திறந்துவிட்டதால், 17ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் கழுத்துப் பட்டியையோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மணிக்கட்டுச் சுருக்கத்தையோ வீட்டில் உட்கார்ந்தே பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது.

இந்தப் பழைய புத்தகங்களைச் சேர்த்தவர்களில் ஒருவரின் கதை தனியே சொல்லத்தக்கது. ரால்ஃப் கிரிஸ்வோல்டு 1960களில் பெல் ஆய்வகத்தில் ஸ்னோபால் என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவர். பிறகு அரிசோனா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கியவர். எழுத்துத் தொடர்களைக் கையாளும் மொழியை வகுத்த அவருக்கு, ஓய்வுக் காலத்தில் நெசவில் நூல்கள் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு ஆர்வமூட்டியது. காப்புரிமைக் காலம் முடிந்த நெசவுப் புத்தகங்களை அவர் சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் இணையத்தில் இட்டபோது, லேஸ் ஆர்வலர்களும் சேர்ந்து லேஸ் புத்தகங்களை வருடி (ஸ்கேன் செய்து), திருத்தி, அங்கே ஏற்றினார்கள். அவர் 2006இல் மறைந்த பின்னும் அந்தத் தொகுப்பு பயன்பாட்டில் இருந்துவருகிறது. தெரேஸ் தெ தில்மோன் 1886இல் வெளியிட்ட கைவேலைக் களஞ்சியமும் குட்டன்பர்க் திட்டத்தின் வழியாக எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இப்படி ஏற்றிய பணியில் பெரும்பகுதி ஊதியமற்றது. நூல்களைப் பக்கம் பக்கமாக வருடியவர்கள் பலர் ஓய்வு பெற்றவர்கள். அதே வேளையில், இன்னும் காப்புரிமை உள்ள சிறு பதிப்பகங்களின் நூல்களையும் சிலர் தயக்கமின்றிப் பகிர்ந்துவிடுகிறார்கள். ஒரு லேஸ் மாதிரி நூல் விற்கும் பிரதிகள் மிகக் குறைவு. அந்தச் சிறு வருவாயும் போனால் புதிய மாதிரி வரைபவர்கள் எதை நம்பி வரைவார்கள் என்ற கேள்வியை இந்தப் பகிர்வாளர்கள் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கணிதமும் திண்டும்

இந்தத் தொடர்பு பழையதைக் காத்ததோடு நிற்கவில்லை என்பதற்குச் சிறந்த சான்று, பின்னணி வலைகளைப் பற்றிய கணித ஆய்வு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் வெரோனிகா இர்வைன், தம் பேராசிரியர் ஃபிராங்க் ரஸ்கியுடன் சேர்ந்து 2014இல் பாபின் லேஸுக்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டு, 2016இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக நிறைவு செய்தார். அவருடைய அணுகுமுறையின் சாரம் இதுதான்: பின்னணி வலையில் ஒரு சிறு துண்டு நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் துண்டின் இடது விளிம்பை வலது விளிம்போடும், மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடும் ஒட்டினால், அது வடையின் மேற்பரப்பு போன்ற ஒரு வளையமாகிறது. அதன்மேல் ஒவ்வொரு பின்னலும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு ஜோடிகள் வந்து இரண்டு ஜோடிகள் வெளியேறுகின்றன. எந்த ஜோடியும் பின்னோக்கித் திரும்பாமல், புதிய நூல் சேர்க்கவோ வெட்டவோ தேவையில்லாமல் நடக்கும் அமைப்புகள் எவை என்று கணினியால் முறையாகத் தேடிப்பார்க்கலாம். நூற்றாண்டுக் கணக்கில் கைவழக்கமாக வந்த சில டஜன் வலைகளுக்கு அப்பால், பின்னத்தக்க எண்ணற்ற வலைகள் இருப்பது இதனால் தெரியவந்தது.

தாளில் இருந்தால் அது கணிதம் மட்டும்தான். அதைத் திண்டுக்குக் கொண்டுவந்தது கிரவுண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச இணையக் கருவி. அதன் நிரலும் எவரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. ஜோடிப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் குறுக்கு, முறுக்குகளின் வரிசையை மாற்றி எழுதினால், தனி நூல்கள் எப்படி ஓடும் என்ற படம் உடனே திரையில் விரிகிறது. இதில் ஒரு வியப்பான வசதியும் உண்டு: கிடைத்த நூல் படத்தையே அடுத்த கட்டத்துக்கு ஜோடிப் படமாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது முன்பு ஒரு நூல் சென்ற இடத்தில் இப்போது ஒரு ஜோடி செல்லும். அப்படிப் பிறக்கும் வலையை எந்தப் பழைய மரபிலும் காண்பது அரிது. பல நாட்டு ஆர்வலர்கள் இவற்றைப் பின்னிப் பார்த்து, எது இறுக்கம் தாங்குகிறது, எது ஊசிகளை எடுத்ததும் உருக்குலைந்து சுருங்குகிறது என்று தெரிவிக்கிறார்கள். திரையில் நேர்த்தியாகத் தெரிந்த அமைப்பு திண்டில் தோற்பது சாதாரணம். நூலுக்கு உராய்வும் எடையும் உண்டு என்பதைக் கணித மாதிரி கணக்கில் எடுப்பதில்லை. இங்கே பொழுதுபோக்காளர்களின் கைகள் ஆய்வின் சோதனைக்கூடமாகவே செயல்பட்டிருக்கின்றன.

கை காணாத பாடம்

2020இல் பெருந்தொற்று கூட்டங்களையும் வகுப்புகளையும் நிறுத்தியபோது, அதுவரை படமும் எழுத்துமாக இருந்த தொடர்பு நேரலைக் காணொளிக்கு மாறியது. லண்டனில் குளிர்கால மாலை 7 மணி என்றால் மெல்பர்னில் மறுநாள் காலை 6 மணி, லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 11 மணி. கண்டங்களை இணைக்கும் ஒரு வகுப்பில் யாராவது ஒருவர் அரைத் தூக்கத்தோடுதான் பாபின் சுற்ற வேண்டியிருந்தது. அது சிறு தொல்லை. பெரிய தொல்லை படக்கருவியின் இடத்தில் இருந்தது. ஆசிரியரின் எதிரே கருவியை வைத்தால், மாணவர் பார்க்கும் கை எதிர்த்திசையில் நகர்கிறது. சில செயலிகள் முன்புறக் கருவியின் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் பதிவு செய்கின்றன. அப்போது இடது நூல் வலது நூலின்மேல் செல்லும் குறுக்கு, வலது நூல் இடது நூலின்மேல் செல்வதாகத் தெரியும். தொடக்கம் முதல் முடிவுவரை தலைகீழாகவே செய்தால் லேஸ் கெடாது, அதன் கண்ணாடி பிம்பம் கிடைக்கும்; பாதியில் புத்தகத்தைப் பார்த்து வழக்கமான திசைக்கு மாறினால்தான் கெடும். ஆகவே கருவியை ஆசிரியரின் தலைக்கு நேர் மேலேயோ தோளுக்குப் பின்னாலிருந்தோ பொருத்துவதே வழக்கமாயிற்று.

கைகளின் மரபும் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் தட்டையான திண்டில் மெல்லிய பாபின்களை உள்ளங்கை கீழ் நோக்க நகர்த்துகிறார்கள். அந்தப் பாபின்களின் அடியில் கோத்த கண்ணாடி மணிகள் எடை கொடுக்கின்றன. ஸ்பெயினில் நீண்ட உருளைத் திண்டைச் சாய்த்து நிறுத்தி, தொங்கும் பாபின்களை உள்ளங்கை மேல் நோக்க ஏந்துகிறார்கள். ஸ்பானியக் காணொளியைப் பார்த்து ஆங்கிலத் திண்டில் பழகுபவருக்கு அசைவு விளங்கும், வேகம் விளங்காது. நூலை எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது விரலில் உணரும் செய்தி. எந்தப் படமும் அதைத் தரவில்லை. அலான்சோனின் ஊசி லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும் என்றும், அதை முழுமையாகக் கற்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஒரு கைவல்லுநருடன் இருந்தாக வேண்டும் என்றும் யுனெஸ்கோவின் பதிவு கூறுகிறது. பாபின் லேஸில் அவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் நேர்ப் பயிற்சிக்கான கோடைப் பள்ளிகளும் மாநாடுகளும் இணையத்தால் தேய்ந்துவிடாததற்கு இதே காரணம்தான். இணையத்தில் அறிமுகமானவர்கள் நேரில் சந்திப்பதற்காக அந்த மாநாடுகளுக்குச் செல்கிறார்கள்.

யார் இந்த வட்டத்துக்கு வெளியே

பொழுதுபோக்கு என்ற சொல்லை இங்கே சற்று நிதானமாகக் கையாள வேண்டும். நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் போதகரின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குத் திண்டு லேஸைக் கற்றுக்கொடுத்தபோது, அது அவர்களின் வருவாய்க்கான வழியாகவே தொடங்கியது. ஆந்திராவின் நர்சாபூரில் குரோஷே லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி 1982இல் வெளியான ஆய்வில், ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், ஒரு நாளின் பெரும்பகுதியை ஏற்றுமதி லேஸுக்குக் கொடுத்த அப்பெண்கள் ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகளாகவே கணக்கிடப்பட்டார்கள் என்றும், அந்தக் கணக்கே அவர்களின் கூலியை அடிமட்டத்தில் வைத்தது என்றும் காட்டினார். ஒருவர் விரும்பிச் செலவிடும் நேரமும், இன்னொருவர் வேறு வழியின்றிச் செலவிடும் நேரமும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. இணையத்தின் லேஸ் வட்டங்கள் முதல் வகையினருக்காக, அவர்களின் மொழிகளில், அவர்களின் வசதிக்கேற்ப உருவானவை. கூலிக்குப் பின்னுபவர் தம் மாதிரியை இலவசமாகப் பகிர்வதில் அவருக்கு என்ன நன்மை என்பதை அவை கேட்டதில்லை.

சேமிப்பின் சிக்கல்

இந்த ஆய்வில் மிகவும் கவலைக்குரியதாகத் தோன்றியது, சேர்த்ததைக் காப்பது. இணையத்தின் முதல் பத்தாண்டில் கைவேலை ஆர்வலர்கள் தம் பக்கங்களை இலவச இடங்களில் அமைத்தார்கள். அவற்றுள் மிகப் பெரியதான ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. அடுத்து யாஹூ குரூப்ஸில் கைவேலைக் குழுக்கள் பல செழித்தன. 2019 அக்டோபரில் அந்நிறுவனம் கோப்புகளையும் படங்களையும் பழைய உரையாடல்களையும் நீக்கப்போவதாக அறிவித்து, சில வாரங்களே அவகாசம் கொடுத்துப் பின் சற்று நீட்டித்தது. 2020 டிசம்பர் 15இல் சேவையே நின்றது. பல குழுக்கள் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. குடிபெயர்ந்தவற்றில் எழுத்து வந்து சேர்ந்தாலும் படங்கள் சேராமல் போனதுண்டு. லேஸில் படம் இல்லாத விளக்கம் பாதி விளக்கம்தான். இன்று பெரும்பாலான உரையாடல் ஃபேஸ்புக்கின் மூடிய குழுக்களில் நடக்கிறது. நேற்று மிக நுட்பமாக விளக்கப்பட்ட ஒரு திருத்தத்தை ஆறு மாதம் கழித்துத் தேடி எடுப்பது அங்கே கடினம். பொதுத் தேடல் பொறிகளுக்கு அவை தென்படுவதில்லை. குழுவை நடத்துபவர் விலகினால் அடுத்து யார் என்ற ஏற்பாடு பல குழுக்களில் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைத்தவை எவை என்பது புலப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள வருடிய புத்தகங்கள் நிலைத்தன. அருங்காட்சியகங்களின் படங்கள் நிலைத்தன. எவரும் நகலெடுக்கும்படி நிரல் திறந்திருப்பதால் கிரவுண்ட்ஃபோர்ஜும் ஒருவரின் ஆயுளோடு கட்டுண்டு கிடக்கவில்லை. நிலைக்காமல் போனவை பெரும்பாலும் உரையாடல்கள்: எந்த முறுக்கு விடுபட்டது, எந்த நூலுக்கு எது மாற்று, எந்த வலை ஊசி எடுத்ததும் சுருங்கியது என்பன போன்ற, புத்தகமாவதற்கு முந்தைய நிலை அறிவு. சில குழுக்கள் அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றின் விடைகளையும் படங்களோடு தனிக் கோப்புகளாகத் தொகுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் கணினிகளில் வைத்திருக்கத் தொடங்கியுள்ளன. லேஸ் கில்டு போன்ற பழைய அமைப்புகளுக்கு நூலகமும் அருங்காட்சியகமும் உண்டு என்பதால் இந்தக் கோப்புகளை அவற்றிடம் ஒப்படைப்பது இயல்பான வழி. ஆனால் உரையாடலில் பங்கேற்ற ஒவ்வொருவரின் ஒப்புதலும் தேவைப்படும் என்பதாலும், படங்களில் இருக்கும் மாதிரிகளின் உரிமை வேறொருவருடையது என்பதாலும், அது தொகுப்பவர்களுக்கு எளிதான வேலையாக இருக்காது.